சுருட்டுக்கு எந்தத் தேநீர்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

தேயிலை வகைகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதைப் படித்த வாசகர்கள் சிலர், சுருட்டோடு சேர்த்து அருந்துவதற்கு ஏற்ற தேநீர் எது என்று கேட்டிருக்கிறார்கள். ஏற்கெனவே சுருட்டுப் பழக்கம் உள்ள பெரியவர்களை மனத்தில் வைத்தே இந்தப் பதில்களை எழுதுகிறேன். பழக்கம் இல்லாதவர்கள் தேநீரைப் பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும்.

கேள்வி: ஐயா, வெளிநாட்டிலிருந்து வந்த நண்பர் டொமினிகன் குடியரசில் செய்த சுருட்டு ஒன்றைக் கொடுத்தார். அதற்கென்றே நல்ல விலை கொடுத்து டார்ஜிலிங் ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் தேயிலை வாங்கினேன். சுருட்டைப் பற்றவைத்த பிறகு தேநீர் வெறும் வெந்நீரைப் போலாகிவிட்டது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
*— ஒரு வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: உங்கள் கடிதத்தில் சொல்லியிருப்பதை வைத்துப் பார்த்தால் தேயிலையின் மீது குற்றம் இல்லை. ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் என்பது ஆண்டின் முதல் பறிப்பு. பிப்ரவரி இறுதியிலிருந்து ஏப்ரல் வரை பறிக்கப்படும் அந்தத் தளிர்களை நன்றாக வாடவைத்து, குறைவாகவே ஆக்சிஜனேற்றம் அடையவிடுகிறார்கள். அதனால் அதன் பெருமை முழுவதும் பூமணத்திலும் இளந்தளிரின் வாசனையிலும் இருக்கிறதே தவிர, நாவில் தங்கும் கனம் அதற்குக் கிடையாது. நாம் தேநீரின் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி, விழுங்கும்போது தொண்டையின் பின்புறமாக மூக்குக்கு ஏறும் மணம்தான். அந்த வழி முழுவதையும் சுருட்டின் புகை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும்போது, மெல்லிய பூமணம் நுழைவதற்கு இடமே இல்லை.

புகையிலையும் தேநீரும் மோதினால் தோற்பது எப்போதும் தேநீர்தான். ஆகவே, இந்தப் புகையோடு எந்தத் தேநீர் நன்றாக இருக்கும் என்று கேட்பதற்கு முன்னால், எந்தத் தேநீர் இந்தப் புகையிலும் தன்னை இழக்காமல் நிற்கும் என்று கேட்க வேண்டும். ஃபர்ஸ்ட் ஃப்ளஷ் நிற்காது. அதைச் சுருட்டுக்கு அரைமணி நேரம் முன்னதாக, வாய் சுத்தமாக இருக்கும்போது தனியாக அருந்துங்கள். டார்ஜிலிங்கையே சுருட்டோடு வைத்துக்கொள்ள விரும்பினால், மே, ஜூன் மாதங்களில் பறிக்கப்படும் செகண்ட் ஃப்ளஷ் வாங்குங்கள். பச்சைத் தத்துப்பூச்சிகள் கடித்த தளிர்கள் தம்மைக் காத்துக்கொள்ளச் சுரக்கும் பொருள்களால் அந்தப் பருவத்து இலைக்குப் பழுத்த திராட்சையை ஒத்த மணம் வருகிறது. நிறைவாக ஆக்சிஜனேற்றம் அடைந்த இலை என்பதால் அதற்கு நாவில் தங்கும் கனமும் உண்டு.

கேள்வி: அப்படியானால் சுருட்டின் முன் நிற்கக்கூடிய தேநீர்கள் எவை? எப்படித் தயாரிக்க வேண்டும்?
*— ஒரு வாசகர், சென்னை*

பதில்: சுருட்டின் புகை பெரும்பாலும் காரத்தன்மை, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை, உடையது. அது வாயை உலர்த்தும். தேநீரிலுள்ள டானின் உமிழ்நீரின் புரதங்களோடு பிணைந்து நாவைத் துவரவைக்கும். இந்த இரண்டு உலர்ச்சிகளும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால் வாயில் கசப்பு மட்டுமே மிஞ்சும். ஆகவே கனமும் வேண்டும், துவர்ப்பும் குறைவாக இருக்க வேண்டும். இந்த இரண்டையும் ஒருசேரத் தருபவற்றில் நான் முதலிடம் கொடுப்பது சீனாவின் யுனான் மாகாணத்து ஷூ பூ-ஆர் தேயிலைக்கு. ஆண்டுக்கணக்கில் பழகிய தேயிலையின் சுவையைச் சில வாரங்களில் கொண்டுவருவதற்காக, இலையை ஈரப்படுத்தி அம்பாரமாகக் குவித்துப் புழுங்கவைக்கும் முறையை 1973ஆம் ஆண்டில் குன்மிங் தேயிலை ஆலையில் உருவாக்கினார்கள். குவியலுக்குள் சூடு ஏற, நுண்ணுயிர்கள் துவர்ப்பை உடைத்து, மழைக்குப் பிந்தைய மண்ணையும் பழைய மரத்தையும் நினைவூட்டும் மணத்தை உண்டாக்குகின்றன. சுருட்டுக்கான புகையிலையையும் இதேபோல் குவித்து, உள்ளே சூடேறியதும் பிரித்து, மறுபடி குவித்துத்தான் பக்குவப்படுத்துகிறார்கள். புழுங்கிப் பழகிய இலைகள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. கரும்பழுப்பு மேல் இலை சுற்றிய மதுரோ வகைச் சுருட்டுக்கு இதைவிடப் பொருத்தமான தேநீரை நான் அருந்தியதில்லை.

அடுத்ததாக ஃபூஜியன் மாகாணத்து வூயீ மலையின் பாறைத் தேநீர்களைச் சொல்வேன். கரித்தணலின் சூட்டில் மெதுவாக வறுக்கப்படும் அந்த ஊலாங் (ஓரளவே ஆக்சிஜனேற்றம் அடையவிடப்பட்ட) இலைகளில், வறுத்த கொட்டையின் மணத்துக்கு அடியில் கனிமச் சுவை ஒன்று நெடுநேரம் நிற்கும். நிகராகுவாவின் எஸ்தெலிப் பகுதியில் விளைந்த, மிளகுக் காரம் கொண்ட புகையிலைக்கு இது நல்ல துணை. இலங்கையின் ஊவாப் பகுதியில் ஜூலை முதல் செப்டம்பர் வரை வீசும் வறண்ட காற்றின் பருவத்தில் தயாராகும் தேயிலைக்குப் புதினாவைப் போன்ற குளிர்ச்சி உண்டு. அது ஒவ்வோர் இழுப்புக்கும் பிறகு வாயைத் துடைத்துவிடும். ஆனால் துவர்ப்பு மிகுந்தது என்பதால் மூன்று நிமிடங்களுக்கு மேல் ஊறவிடாதீர்கள். இலேசான சுருட்டு உங்களுக்குப் பிடிக்கும் என்றால், அதாவது அமெரிக்காவின் கனெக்டிகட் பள்ளத்தாக்கில் துணிப்பந்தலின் நிழலில் வளர்க்கப்படும் வெளிர்நிற மேல் இலை சுற்றியது என்றால், அவ்வளவு தொலைவு போக வேண்டாம். நம் நீலகிரியில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான பனிக்காலத்தில் பறித்து, பொடியாக நொறுக்காமல் இலையாகவே உருட்டித் தயாரித்த ஆர்த்தடாக்ஸ் தேயிலையே போதும்.

தயாரிக்கும் முறைதான் பலரும் கவனிக்காத இடம். ஐந்து அங்குல நீளமும் ஐம்பது ரிங் கேஜ் (ஒரு ரிங் கேஜ் என்பது அங்குலத்தில் அறுபத்து நான்கில் ஒரு பங்கு) பருமனும் கொண்ட ரொபுஸ்டோ வகைச் சுருட்டு எரிந்து முடிய முக்கால் மணி நேரத்துக்கும் குறையாது. பெரிய கோப்பையில் ஊற்றிவைத்த தேநீர் அதற்குள் ஆறி, கறுத்து, கசந்துவிடும். ஆகவே 100 மில்லி கொள்ளும் சிறிய கூசாவில் 5 கிராம் பூ-ஆர் இலையைப் போட்டு, கொதிநீர் ஊற்றி உடனே வடித்துக் கொட்டிவிடுங்கள். பிறகு ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடிகளில் தொடங்கி, நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே வடித்து அருந்துங்கள். நல்ல இலை ஏழெட்டு முறை தாங்கும். சுருட்டின் முதல் பகுதி மென்மையாகவும் கடைசிப் பகுதி காரமாகவும் இருப்பதைப் போல, அதே இலையிலிருந்து வரும் தேநீரும் முறைக்கு முறை மாறும். இந்த இரண்டு மாற்றங்களையும் சேர்த்துக் கவனிப்பதில்தான் முழு இன்பமும் இருக்கிறது.

கேள்வி: லாப்சாங் சூஷொங் தேநீரில் புகைமணம் இருப்பதால் அதுவே சுருட்டுக்கு ஏற்றது என்கிறார்கள். உண்மையா?
*— ஒரு வாசகர், சிங்கப்பூர்*

பதில்: பலர் அப்படிச் சொல்வதை நானும் கேட்டிருக்கிறேன், ஆனால் என்னால் உடன்பட முடியவில்லை. வூயீ மலையைச் சேர்ந்த டோங்மு கிராமத்தில், பைன் மரக்கட்டையை எரித்து அதன் புகையில் உலர்த்தப்படும் தேயிலை அது. புகையின் மேல் புகையைப் போட்டால் இரண்டில் எதன் மணம் எது என்று மூக்குக்குத் தெரியாது. அதைத் தனியாக அருந்துவதே அந்தத் தேயிலைக்கு நாம் செய்யும் மரியாதை.

கேள்வி: எல்லாம் அயல்நாட்டுச் சரக்காகவே எழுதுகிறீர்கள். எங்கள் ஊர்ச் சுருட்டுக்கு டீக்கடைப் பால் டீ ஆகாதா?
*— ஒரு வாசகர், திண்டுக்கல்*

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. இருமுனையும் திறந்த சுருட்டுக்கு ஆங்கிலேயர் வைத்திருக்கும் ‘செரூட்’ (cheroot) என்ற பெயரே நம்முடைய ‘சுருட்டு’ என்ற சொல்லிலிருந்து போனதுதான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டும் திண்டுக்கல் சுருட்டும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்து வரை பெயர் பெற்றிருந்தன. அவற்றின் காரம் அதிகம், இனிப்பு குறைவு. பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் பால் டீ துவர்ப்பைக் குறைக்கும் என்பது உண்மை. ஆனால் பாலின் கொழுப்பு நாவில் படிந்து, அதன்மேல் புகை படிந்தால் சில நிமிடங்களில் வாய் மந்தமாகிவிடும். பால் இல்லாமல், கொஞ்சம் கருப்பட்டி சேர்த்த கடுந்தேநீரை ஒருமுறை முயன்று பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறும் தேத்தண்ணி குடிப்பார்கள். அந்த ஊரும் புகையிலைக்கும் சுருட்டுக்கும் பெயர் போனது. பனைவெல்லத்தின் இலேசான உப்புச்சுவையும் கருகல் மணமும் புகையிலையின் காரத்தைத் தணிப்பதுபோல் வெள்ளைச் சர்க்கரை தணிப்பதில்லை.

கேள்வி: காலையில் வெறும் வயிற்றில் தேநீரோடு சுருட்டுப் பிடித்தேன். தலை சுற்றி, வியர்த்து, குமட்டல் வந்தது. புகையை நான் உள்ளே இழுக்கவே இல்லையே?
*— ஒரு வாசகர், மதுரை*

பதில்: சுருட்டைப் பொறுத்தவரை உள்ளே இழுக்க வேண்டிய தேவையே இல்லை. புகை காரத்தன்மை உடையதாக இருப்பதால் நிகோடின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடுகிறது. வெறும் வயிற்றில் கடுந்தேநீரும் குமட்டலைத் தூண்டும். அப்படி நேர்ந்தால் சுருட்டை உடனே வைத்துவிட்டுக் காற்றோட்டமான இடத்தில் அமருங்கள், தண்ணீர் குடியுங்கள். தொடர்ந்தால் மருத்துவரிடம் செல்லுங்கள். இனி அந்த நேரத்தில் வேண்டாம்.

கேள்வி: என் அப்பா நாற்பது ஆண்டுகள் சுருட்டுப் பிடித்தவர். மருத்துவர் சொன்னதால் இந்த ஆண்டு நிறுத்திவிட்டார். மாலையில் திண்ணையில் உட்கார்ந்தால் கை எதையோ தேடுகிறது என்கிறார். அந்த வாசனையை நினைவூட்டும் தேநீர் ஏதாவது உண்டா? அவர் தேநீரைக் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பவர்.
*— ஒரு வாசகி, தஞ்சாவூர்*

பதில்: அம்மா, முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நாற்பது ஆண்டுப் பழக்கத்தை விடுவது எளிதன்று. முதலில் சூட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை, மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையாக இருக்க வாய்ப்புள்ளவை என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016ஆம் ஆண்டில் சேர்த்தது. சீனாவில் நான்கரை இலட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2018ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, புகைப்பவர்கள் மிகச் சூடான தேநீரையும் அருந்தும்போது உணவுக்குழாய்ப் புற்றுநோயின் அபாயம் கூடுவதைக் காட்டியது. புகையை விட்டவர் கொதிக்கும் தேநீரையும் விட வேண்டும். சுருட்டோடு தேநீர் அருந்தும் மற்ற வாசகர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

சுருட்டோடு வேண்டாம் என்று மேலே சொன்ன லாப்சாங் சூஷொங்கைத்தான் அவருக்குச் சொல்வேன். மூக்கு கேட்கும் புகைமணம் அதில் இருக்கிறது, நிகோடின் இல்லை. 200 மில்லி வெந்நீருக்கு 3 கிராம் இலை, மூன்று நிமிடம் ஊறினால் போதும். முதல் நாள் பாதி அளவு இலை போட்டுக் கொடுங்கள், ஏனென்றால் பழகாதவருக்கு அந்த வாசனை திடீரென்று அடிக்கும். வாரத்தில் இரண்டு மூன்று மாலைகளுக்கு அது போதும். மற்ற மாலைகளில் ஷூ பூ-ஆர் கொடுங்கள். பால் வேண்டாம். வடித்தபின் வேறொரு கோப்பைக்கு மாற்றி ஊற்றி, சுமார் பத்து நிமிடம் ஆறவையுங்கள். கைப்பிடி இல்லாத மண் கோப்பையாகப் பார்த்து வாங்கிக் கொடுங்கள், இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளட்டும்.