ஊதாமுக மந்தி இடம் மாறி நிற்பது பிழையல்ல

வணக்கம். உயர்தரச் செயற்றிட்டத்துக்காக மந்திகளின் சைட்டோகுரோம் பி என்ற இழைமணி மரபணுவின் டி.என்.ஏ தொடர்களை எடுத்து, எது எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் பரிணாம மரம் வரைந்திருக்கிறீர்கள். ஊதாமுக மந்தியும் அசாம் பக்கத்துத் தொப்பி மந்தியும் நம் திருகோணமலைக் காட்டுச் சாம்பல் மந்தியோடு சேர்ந்து வருகின்றன. பழைய புத்தகமோ இரண்டையும் டிராக்கிபித்தேகஸ் என்ற வேறொரு பேரினத்தில் வைக்கிறது. எங்கே பிழை விட்டேன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிழை இல்லை. மரத்தை அழித்துவிடாதீர்கள்!

ஊதாமுக மந்தியின் கதை எளிது. இழைமணி (மைட்டோகாண்ட்ரியா) டி.என்.ஏ, உயிரணுக் கருவிலுள்ள டி.என்.ஏ இரண்டுமே அதைச் சாம்பல் மந்தியின் பக்கம்தான் வைக்கின்றன. அதனால்தான் இப்போது அது சாம்பல் மந்தியின் பேரினமான செம்னோபித்தேகஸில் இருக்கிறது. நீலகிரிக் கருமந்தியும் அப்படியே இடம் மாறியது.

தொப்பி மந்திதான் சுவாரசியமானது. அதன் இழைமணி டி.என்.ஏ சாம்பல் மந்தியைக் காட்டுகிறது, கரு டி.என்.ஏ டிராக்கிபித்தேகஸைக் காட்டுகிறது. இழைமணி தாய்வழியாக மட்டுமே வரும். ஆகவே ஒரு மரம் தாய்வழியின் கதையைத்தான் சொல்லும், இனத்தின் முழுக் கதையை அல்ல. முற்காலத்தில் இரு கிளைகளும் கலந்திருக்கலாம் என்பதே பலரும் ஏற்கும் விளக்கம். அறிக்கையில் இதற்கு ஒரு பக்கமாவது கொடுங்கள்.

அப்புறம், ஒவ்வொரு தொடரையும் முதுகெலும்பிகளின் இழைமணிக் குறியீட்டு அட்டவணைப்படி அமினோ அமிலமாக மாற்றிப் பாருங்கள். நடுவில் முடிவுக் குறியீடு (புரதம் இங்கே முடிகிறது என்னும் குறி) வந்தால் அது இழைமணி மரபணுவிலிருந்து கருவின் டி.என்.ஏ-வுக்குள் ஒட்டிக்கொண்ட போலிப் பிரதியாக இருக்கலாம், எடுத்துவிடுங்கள். மந்திகளில் இது உண்மையிலேயே வரும் சிக்கல். மரத்தின் வேரைக் காட்ட ஒப்பிடும் வெளிக்குழுவாக, மந்தி அல்லாத நம்மூர்ச் செங்குரங்கு போதும்.