பாம்பின் உடலில் வாழும் புழு மனிதருக்கும் வருமா?

வரும்; ஆனால் மிக அரிது. பாம்பின் கழிவோடு வெளியேறும், கண்ணுக்குத் தெரியாத புழுமுட்டைகள் கீரையிலோ தண்ணீரிலோ கைகளிலோ ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போவதே முக்கியமான வழி. பாம்பு கடித்து இவை தொற்றுவதில்லை.

2022 ஜூனில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், 64 வயதுப் பெண் ஒருவரின் மூளையிலிருந்து, 8 செ.மீ. நீளமுள்ள சிவந்த உருளைப்புழு ஒன்றை மருத்துவர்கள் உயிரோடு வெளியே எடுத்தார்கள். அங்குள்ள ஒருவகை மலைப்பாம்பின் உணவுக்குழாயிலும் இரைப்பையிலும் வாழும் 'ஓபிடாஸ்காரிஸ் ராபர்ட்சி' என்ற இப்புழு, மனிதரிடம் கண்டறியப்பட்டது உலகில் அதுவே முதல் முறை. ஏரிக்கரையில் அவர் பறித்துவந்த காட்டுக்கீரை வழியாக முட்டைகள் உள்ளே போயிருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். முதலில் வயிற்றுவலி, பிறகு வறட்டு இருமல், அடுத்த ஆண்டில் மறதியும் மனச்சோர்வும் என்று அறிகுறிகள் உறுப்புக்கு உறுப்பு மாறியதால், காரணம் பிடிபட ஓராண்டுக்கு மேல் ஆனது. அவர் பட்ட அவதியை நினைத்தால் மனம் கனக்கிறது.

மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவில், சரியாக வேகாத பாம்பிறைச்சி மூலம் 'ஆர்மிலிஃபர்' என்ற ஒட்டுண்ணி பரவுகிறது. பெரும்பாலோருக்கு அறிகுறியே இருக்காது. இறந்து சுண்ணாம்பேறிய அதன் இளம்புழுக்கள், வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்ரேயில் பிறைவடிவப் புள்ளிகளாகத் தெரியவரும்.

ஊர்வனவற்றை வளர்ப்பவர்கள், கூண்டைத் தொட்டபின் சோப்பால் கை கழுவுவதோடு, காரணம் புரியாத நோய் நீடித்தால் அந்த வளர்ப்பைப் பற்றி மருத்துவரிடம் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.