முயலுக்கு எதைக் காட்டப் போகிறீர்கள்?

கேள்வி: நான் ஆராயும் புரதத்துக்கு விற்பனையில் ஆன்டிபாடி (அதை மட்டும் பிடித்துக்கொள்ளும் எதிர்ப்புப் புரதம்) கிடையாது. முயலில் தயாரிக்கச் சொல்லப் போகிறோம். பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு) கொடுப்பதா, முழுப் புரதமா? பெப்டைடு என்றால் எந்தப் பகுதி?
– இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி

பதில்: முக்கியமான ஒன்றை நீங்கள் எழுதவில்லை. ஆன்டிபாடி கைக்கு வந்ததும் அதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள்? ஆர்டர் படிவத்தை நிரப்பும் முன் அதை முடிவு செய்யுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால்தான்.

வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (ஜெல்லில் பிரித்த புரதங்களை மெம்பிரேனுக்கு மாற்றி ஆன்டிபாடியால் தேடும் சோதனை) மட்டும் என்றால் பெப்டைடு போதும். எஸ்.டி.எஸ். என்ற சோப்புப் பொருளில் கொதித்த புரதம் மடிப்பெல்லாம் அவிழ்ந்து கிடக்கும். 12 முதல் 20 அமினோ அமிலம் கொண்ட ஒரு துண்டுக்கு எதிராக உருவான ஆன்டிபாடி அங்கே தன் இடத்தை எளிதாகப் பிடித்துவிடும். செல்சாற்றிலிருந்து புரதத்தை இயல்பான வடிவிலேயே பிடித்து இழுக்க வேண்டுமென்றால் கதை வேறு. அந்தத் துண்டு உள்ளே மடிந்து மறைந்திருந்தால் ஆன்டிபாடியால் அதைத் தொடவே முடியாது. அதற்குச் சரியாக மடிந்த புரதத்தையோ, அதன் ஒரு முழு டொமைனையோ (தனியாகவே மடியக்கூடிய பகுதி) கொடுப்பது நல்லது.

பகுதியைத் தேடும்போது நான் முதலில் பார்ப்பது சி-முனையை, அதாவது புரதச் சங்கிலியின் கடைசி முனையை. பல புரதங்களில் அது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். முயலின் உடல் கவனிக்கும்படி துண்டை ஒரு பெரிய கேரியர் புரதத்தோடு இணைப்பார்கள். சி-முனையை எடுத்தால், அந்த இணைப்புக்கான சிஸ்டீனை (ஓர் அமினோ அமிலம்) துண்டின் என்-முனையில், அதாவது தொடக்கத்தில், சேர்க்கச் சொல்லுங்கள். புரதத்தின் நிஜமான முனை மறையாமல் இருக்கட்டும். சிக்னல் பெப்டைடு இருக்கும் பக்கம் போகவே போகாதீர்கள், முதிர்ந்த புரதத்தில் அது வெட்டுப்பட்டிருக்கும். சவ்வுக்குள் புதையும் பகுதியும் வேண்டாம்.

பிறகு பிளாஸ்ட் தேடல், அதாவது துண்டின் வரிசையைத் தரவுத்தளத்திலுள்ள புரதங்களோடு ஒப்பிடுவது. உறவுக்காரப் புரதங்களோடு ஒத்துப்போகிறதா என்று எல்லோரும் பார்க்கிறார்கள். முயலின் சொந்தப் புரதத்தோடு ஒப்பிட மறந்துவிடுகிறார்கள். உங்கள் துண்டு முயலிலும் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருந்தால், முயலின் உடல் அதைத் தன்னுடையது என்றே எடுத்துக்கொண்டு சும்மா இருந்துவிட வாய்ப்பு அதிகம். பாலூட்டிகள் எல்லாவற்றிலும் மாறாத புரதமா? கோழியில் செய்யுங்கள். முட்டையின் மஞ்சள் கருவிலிருந்தே ஆன்டிபாடியை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: கேரியர் புரதம் பி.எஸ்.ஏ.வா (மாட்டு ரத்த ஆல்புமின்), கே.எல்.எச்.சா என்று கேட்கிறார்கள். எங்கள் ஆய்வகத்தில் பி.எஸ்.ஏ. நிறைய இருக்கிறதே, அதுவே போதாதா?
– ஆய்வக உதவியாளர்

பதில்: போதாது. இதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் நான். என் முதல் பெப்டைடை பி.எஸ்.ஏ.வோடுதான் இணைத்தேன். மூன்று மாதம் கழித்து சீரம் வந்தது. பி.எஸ்.ஏ.வைக் கொண்டே பிளாக் செய்த (காலி இடங்களை மூடிய) மெம்பிரேன் முழுக்கக் கறுத்துப்போனது. பிளாக் செய்வதைப் பால் புரதமான கேசீனுக்கு மாற்றியதும் 66 கிலோடால்டன் அருகே அழகான ஒற்றைப் பட்டை! என் புரதம் 64. ஜெல்லில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்பதால் இரண்டு வாரம் மகிழ்ச்சியில் இருந்தேன். பிறகு ஒரு லேனில் செல்களே இல்லாமல் வளர்ப்பு ஊடகத்தை மட்டும் ஏற்றினேன். அதே பட்டை. ஊடகத்தில் கலந்திருந்த கன்றுக்குட்டி சீரத்தின் ஆல்புமினைத்தான் அத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

கே.எல்.எச். என்பது கீஹோல் லிம்பெட் என்ற கடல் நத்தையின் ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கும் மிகப் பெரிய புரதம். முயலுக்கு முற்றிலும் அந்நியம். உங்கள் மாதிரிகளிலும் பஃபர்களிலும் அது எங்கும் இருக்காது. ஊசிக்கு கே.எல்.எச். இணைப்பையே கொடுங்கள், எலைசா (ஆன்டிபாடியின் அளவைச் சொல்லும் சோதனை) தட்டில் வெறும் பெப்டைடையோ பி.எஸ்.ஏ.வோடு இணைத்ததையோ பூசிச் சோதியுங்கள். ஊசிக்கும் தட்டுக்கும் ஒரே கேரியர் என்றால் டைட்டர் (ஆன்டிபாடி அளவு) வானத்தைத் தொடும், அதில் பெப்டைடின் பங்கு எவ்வளவு என்று சொல்லவே முடியாது.

கேள்வி: பெப்டைடு பொடியாக வந்துவிட்டது. இணைப்பை நானே செய்யப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– முனைவர் பட்ட ஆய்வாளர்

பதில்: ஃப்ரீஸரிலிருந்து எடுத்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த குப்பிக்குள் காற்றின் ஈரம் இறங்கி, பொடி கண்ணெதிரே சுவரில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அறை வெப்பநிலைக்கு வரட்டும். ஒரு சுற்று சென்ட்ரிஃபியூஜ் செய்து பொடியை அடிக்கு இறக்கிவிட்டுத் திறங்கள்.

அடுத்த எதிரி ஆக்ஸிஜன். இரண்டு பெப்டைடுகளின் சிஸ்டீன்கள் ஒன்றோடொன்று பிணைந்துவிட்டால் மாலிமைடு (சிஸ்டீனைப் பிடிக்கும் வேதிக்கூறு) பூசிய கே.எல்.எச்.சில் ஒட்ட எதுவும் மிஞ்சாது. காற்று நீக்கிய, இ.டி.டி.ஏ. (உலோக அயனிகளைக் கட்டிப்போடும் பொருள்) சேர்த்த பஃபரில் கரையுங்கள், பி.எச். 7 சுற்றி இருக்கட்டும். இணைப்பதற்கு முன் ஒரு துளியை எல்மன் வினைப்பொருளில் விட்டுப் பாருங்கள். மஞ்சள் பளிச்சென்று வந்தால் தயோல் (சிஸ்டீனின் கந்தகக் குழு) உயிரோடு இருக்கிறது. நீர்போல நின்றால் பெப்டைடை ஒடுக்கி, பிணைந்த சிஸ்டீன்களைப் பிரிக்க வேண்டும். டி.டி.டி. (DTT) என்ற ஒடுக்கியைப் போட்டால் அதை முழுக்க நீக்கியே தீர வேண்டும். இல்லையென்றால் மாலிமைடை அதுவே தின்றுவிடும், எல்மனிலும் பொய்யான மஞ்சள் காட்டும். மணிகளில் பொருத்திய டி.சி.இ.பி. (TCEP) என்ற ஒடுக்கி எனக்குப் பிடித்த வழி: சுழற்றி மணிகளைக் கீழே இறக்கினால் வேலை முடிந்தது.

எல்லாப் பெப்டைடையும் ஊசிக்கே செலவழித்துவிடாதீர்கள். சீரத்தைச் சுத்திகரிக்கும் வடிகுழாயை (column) தயாரிக்க சில மில்லிகிராம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஈ.கோலை பாக்டீரியாவில் தயாரித்த புரதம் திரிந்து, 8 மோலார் யூரியாவில்தான் கரைகிறது. ஆன்டிஜனாக (முயலுக்குக் காட்டும் பொருளாக) கொடுக்கலாமா?
– பெயர் வேண்டாம்

பதில்: வெஸ்டர்ன் பிளாட்டுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். படிப்படியாக டயாலிசிஸ் செய்து யூரியாவைக் குறையுங்கள். கொஞ்சம் வீழ்படிவாக வந்தாலும் கவலை வேண்டாம், நுண்துகள்கள் நோயெதிர்ப்பைத் தூண்டவே செய்யும். கவலைப்பட வேண்டியது தூய்மையைப் பற்றி. கூமாசி சாயமிட்ட ஜெல்லில் மங்கலாகத் தெரியும் ஈ.கோலை புரதம் ஒன்றுக்கு முயல் உங்கள் புரதத்தைவிட வேகமாகப் பதில் கொடுத்துவிடக்கூடும். ஜி.எஸ்.டி. டேக் (தூய்மையாக்க வசதியாக உங்கள் புரதத்தோடு ஒட்டிய கூடுதல் புரதம்) இருந்தால் வெட்டி நீக்குங்கள். அது ஏறக்குறைய 26 கிலோடால்டன், ஆன்டிபாடியில் பெரும் பங்கைத் தனக்கென்று இழுத்துக்கொள்ளும். சோடியம் அசைடு கலந்த பஃபரில் அனுப்பவே கூடாது, அது விலங்குக்கு நஞ்சு.

ஊசி போடும் முன் ஒவ்வொரு முயலிடமிருந்தும் சிறிது ரத்தம் எடுத்துத் தனியே வைக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று முயல்கள் இருந்தால், அந்தச் சீரங்களை உங்கள் மாதிரியில் முதலில் ஓட்டிப் பார்த்து, உங்கள் புரதத்தின் இடத்தில் ஏற்கனவே பட்டை காட்டாத முயலைத் தேர்ந்தெடுங்கள்.