ஒட்டாமல் தப்பிய போஸ்டர்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்காவில் பழைய செவன்-அப் விளம்பர போஸ்டர்களைச் சேர்ப்பதாகப் போன இதழில் சொல்லியிருந்தீர்கள். குளிர்பானம் என்றால் கோக-கோலாவுக்குத்தானே பெரிய பேர்? (வாசகர், கும்பகோணம்)

பதில்: கோக-கோலா ஓவியங்கள் எனக்கும் பிடிக்கும். 1931 முதல் ஹாடன் சன்ட்ப்ளாம் என்ற ஓவியர் அந்தக் கம்பெனிக்கு வரைந்த கிறிஸ்துமஸ் தாத்தாவின் கன்னச் சிவப்பை இன்னொருவர் கொண்டுவந்து நான் பார்த்ததில்லை. ஆனால் அவரைப் பற்றி எழுதவும் தேடவும் நிறைய பேர் இருக்கிறார்கள்.

செவன்-அப் கதை வேறு. 1960களின் நடுவில் வயிறு சரியில்லை என்றால் அதைக் குடிப்பார்கள், இல்லையென்றால் மதுவில் கலப்பார்கள். தாகத்துக்குக் கோலாதான். 1967இல் ஜே. வால்டர் தாம்சன் விளம்பர நிறுவனத்தின் சிகாகோ கிளை ‘அன்கோலா’ என்றொரு சொல்லைப் பிடித்தது. கோலா அல்லாதது என்று பொருள். வியட்நாம் போரை எதிர்த்து இளைஞர்கள் தெருவில் இறங்கியிருந்த காலம். ஊரோடு ஒத்துப்போக மாட்டேன் என்று நின்றவர்களின் மனதில் அந்தச் சொல் சட்டென்று உட்கார்ந்துவிட்டது. 1969 தொடங்கிச் சில ஆண்டுகள் அந்த ஒரு சொல்லுக்காகச் சாலையோரப் பலகைகளில் ஓவியர்கள் வரைந்ததைப் பாருங்கள்: வானவில், பட்டாம்பூச்சி, பூவாக விரியும் பாட்டில். ஒரு பானத்தை விற்க இவ்வளவு அழகு தேவையே இல்லை. இருந்தும் வரைந்திருக்கிறார்களே, அதனால்தான் எனக்கு அவர்கள் மேல் இத்தனை பிரியம்.

கேள்வி: அவ்வளவு பெரிய போஸ்டரை வீட்டில் எங்கே வைக்கிறீர்கள்? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: அலமாரியில்தான் அம்மா. மடித்து வைத்தால் ஒரு பட்டுப்புடவைப் பெட்டி அளவு இடம் போதும். ‘24 தாள் போஸ்டர்’ என்பது இங்கே சாலைப் பலகையின் பழைய அளவு. உயரம் 8 அடி 8 அங்குலம், அகலம் 19 அடி 6 அங்குலம். அந்தக் காலத்து அச்சு இயந்திரத்தில் 24 தாள் அடித்துச் சேர்த்தால்தான் ஒரு படம் முழுமையாகும். அப்புறம் பெரிய இயந்திரங்கள் வந்து தாள்களின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது, பெயர் மட்டும் மாறவில்லை.

விரித்துப் பார்க்கத்தான் இடம் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளி நடக்கும் ஹாலில் வகுப்பு முடிந்ததும் நாற்காலிகளை ஓரம் கட்டிவிட்டு, நானும் என் மனைவியும் காலுறையோடு நின்று ஒரு கட்டைப் பிரித்தோம். விளிம்பில் இருந்த எண்களைப் பார்த்து, இடது மேல் மூலையிலிருந்து ஒவ்வொரு தாளாகப் பரப்பினோம். ஐம்பது வருடம் வெளிச்சமே படாத ஆரஞ்சு நிறம். நேற்று அடித்ததுபோல இருந்தது. கடைசியில் பார்த்தால் நடுவில் ஒரு தாள் இல்லை. பாட்டிலின் கழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ஹாலின் தரை தெரிந்தது. ‘முழு செட்’ என்று சொல்லி விற்றவரிடமிருந்து பதிலே வரவில்லை. அந்த ஒரு தாளை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். நம் ஊரில் மைதாப் பசை போட்டு ஒட்டிய போஸ்டரைச் சுவரிலிருந்து முழுசாக உரிக்க முடியுமா? இங்கேயும் அதே கதைதான். பழசின் மேல் புதுசு, அதன் மேல் இன்னொன்று. பலகை ஏறியவை அங்கேயே முடிந்துபோயின. இன்று நம் கைக்கு வருபவை ஒட்டாமல் மிஞ்சிய உபரி செட்டுகள். மக்கள் கண்ணால் பார்த்த பிரதி நமக்குக் கிடைப்பதில்லை, அதன் கூடப் பிறந்ததுதான் கிடைக்கிறது.

கேள்வி: அசலா, பின்னால் அடித்த நகலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (வாசகர், கோவை)

பதில்: பூதக்கண்ணாடி வையுங்கள். அந்தக் கால ஆஃப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் வரிசை பிடித்து, சின்னச் சின்ன ரோஜா வட்டங்களாக நிற்கும். இன்றைய இங்க்ஜெட் நகலில் மை பொடியாகத் தூவியதுபோல இருக்கும். இன்னொரு விஷயம்: அதே ஓவியங்கள் ஒரே தாளில், அறைச் சுவரில் மாட்டும் அளவிலும் அப்போதே வந்தன. அவை நகலல்ல, நல்ல சேகரிப்புதான். பலகை போஸ்டர் என்று சொல்லி அதை விற்றால் மட்டும் வாங்காதீர்கள்.

கேள்வி: இதில் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? (மாணவர், சென்னை)

பதில்: வரைந்தவர் யார் என்பதே பெரிய ஆராய்ச்சி தம்பி. போஸ்டரில் கம்பெனி பெயர் இருக்கும். ஓவியர் பெயரைப் பல படங்களில் தேடியும் காணோம். பேட் டைபோல்ட் போன்ற சிலருடைய பெயர்கள் இன்று தெரிகின்றன என்றால் யாரோ உட்கார்ந்து தேடியதால்தான்.

நான் இருப்பது வடக்குக் கரோலைனாவில். பக்கத்து டர்ஹம் நகரில் டியூக் பல்கலைக்கழகத்தின் ஹார்ட்மன் மையம் என்ற விளம்பர வரலாற்று ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஜே. வால்டர் தாம்சன் நிறுவனத்தின் ஆவணங்கள் அங்கே இருக்கின்றன. அமெரிக்க வெளிப்புற விளம்பரச் சங்கத்தின் ஆவணங்களும் அதே இடத்தில்தான். விளம்பரத்தை யோசித்தவர்களின் காகிதமும் பலகை வைத்தவர்களின் காகிதமும் ஒரே கூரையின் கீழ். யாரும் போய்ப் பார்க்கலாம், முன்கூட்டிச் சொல்லி வைத்தால் பெட்டியை எடுத்து வைப்பார்கள். பேனா கூடாது, பென்சில்தான். முதல் நாளிலேயே பெயர் கிடைக்கும் என்று போகாதே. நான் ஒரு மத்தியானம் முழுக்கக் கடிதங்களைப் புரட்டிவிட்டு, ஒரே ஒரு தேதியோடு திரும்பி வந்திருக்கிறேன். அந்தத் தேதியை வைத்துத்தான் என்னிடமிருந்த இரண்டு போஸ்டர்களில் எது முந்தியது என்று தெரிந்தது.

கேள்வி: கிழிந்த போஸ்டருக்கு செல்லோ டேப் ஒட்டலாமா? (வாசகி, யாழ்ப்பாணம்)

பதில்: வேண்டவே வேண்டாம். பசை மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கிவிடும், அப்புறம் எடுக்க முடியாது. மெல்லிய ஜப்பானியத் தாளும் கோதுமை மாவுச்சத்துப் பசையும் வாங்கிப் பின்பக்கம் ஒட்டுங்கள். பின்னால் வருகிறவர் தண்ணீர் தொட்டு எடுத்துவிட்டு, இன்னும் நன்றாக ஒட்டிக்கொள்ளலாம்.