கதை புரிந்தும் விடை ஏன் ‘நல்லவன்’?

கேள்வி: என் மகன் தொடக்கநிலை 5இல் படிக்கிறான். தமிழ்க் கதைகளைத் தடுமாறாமல் வாசிக்கிறான். ஆனால் கருத்தறிதலில் (பத்தியை வாசித்து விடை எழுதும் பகுதியில்) ‘இவனுடைய பண்பு என்ன?’ என்று கேட்டால் ‘நல்லவன்’ என்று எழுதுகிறான். மையக்கருத்து கேட்டால் முழுக் கதையையும் எழுதிவிடுகிறான், இல்லாவிட்டால் ‘பொய் சொல்லக்கூடாது’ என்கிறான். வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம்தான். அடுத்த ஆண்டு பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு). என்ன செய்யலாம்? (சிங்கப்பூர், ஈசூனிலிருந்து ஒரு தாய்)

பதில்: முதலில் ஒரு சின்னச் சோதனை. கதையை வாசித்து முடித்ததும் அதே கேள்விகளை அவனிடம் ஆங்கிலத்தில் கேளுங்கள். பதில் சரளமாக வந்தால் கதை புரிந்திருக்கிறது, தமிழில் சொல்லத்தான் சொற்கள் போதவில்லை. ஆங்கிலத்திலும் திணறினால், எழுத்துகளை ஒலித்துக்கொண்டே போகிறான், கதைக்குள் போகவில்லை. ஆங்கிலம் புழங்கும் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்ப்பது முதல் வகை. அவர்கள் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு, பிறகு தமிழ்ச் சொல் தேடுவதில் தவறே இல்லை. தடுக்காதீர்கள்.

இனி பண்புக்கு வருவோம். ஒருவர் செய்ததை வைத்துத்தான் அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்ல முடியும். அதனால் ‘அவன் எப்படிப்பட்டவன்?’ என்று எடுத்தவுடன் கேட்காதீர்கள். ‘அவன் வேறு என்ன செய்திருக்கலாம்? ஏன் செய்யவில்லை?’ என்று கேளுங்கள்.

இப்படி ஒரு கதை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பள்ளி கேன்டீனில் அருண் மீ கோரெங் (வறுத்த நூடல்ஸ்) வாங்கி வருகிறான். பக்கத்தில் ஹாரிஸ் சும்மா உட்கார்ந்திருக்கிறான். அவன் அப்பாவுக்கு வேலை போய்விட்டது என்பது அருணுக்குத் தெரியும், ஆனால் ஹாரிஸ் யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ‘எனக்கு வயிறு சரியில்லை, வீணாகப் போகும், நீ சாப்பிடேன்’ என்று தட்டை நகர்த்திவிட்டு, அருண் தண்ணீர் குடிக்கப் போகிறான்.

உங்கள் மகனின் வழக்கமான விடை இங்கே செல்லாது, ஏனென்றால் அருண் சொன்னதே பொய். அவன் காசு கொடுத்திருக்கலாம், ஆசிரியரிடம் சொல்லியிருக்கலாம். ஏன் செய்யவில்லை? நண்பன் கூச்சப்படுவான் என்பதால். இதைப் பிள்ளை கண்டுபிடித்துவிட்டால் ‘நல்லவன்’ போதாது என்று அவனுக்கே தெரிந்துவிடும். அப்போது சொல்லைக் கொடுங்கள்: இரக்கம், பிறர் மனம் அறிந்து நடப்பவன். தேவை வரும்போது கொடுத்த சொல் மனத்தில் நிற்கும். பயிற்சிப் புத்தகத்தில் இருக்கும் பண்புப் பட்டியலை மனப்பாடம் செய்யவைப்பது எனக்குப் பிடிக்காத வழி. சொல் நாற்பது தெரியும், எதை எங்கே போடுவது என்று தெரியாது.

சொந்தமாக விடை எழுதும் சுயவிடைக் கருத்தறிதலில் பண்பை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தக்கூடாது. ‘ஏனென்றால்’ என்று தொடங்கி, கதையில் அவன் செய்த ஒரு செயலைச் சேர்க்கச் சொல்லுங்கள். பத்தியை அப்படியே பார்த்து எழுதுவது வேண்டாம்.

மையக்கருத்தில் பிள்ளைகள் மூன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். அருண் உணவைக் கொடுத்தான் என்பது கதைச்சுருக்கம். நட்பு, உதவி என்பவை கதை எதைப் பற்றியது என்று மட்டும் சொல்கின்றன. அந்த உதவியைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதே மையக்கருத்து: பெறுபவர் மனம் நோகாதபடி உதவ வேண்டும். ஆள் பெயர், இடம், மீ கோரெங் எதுவும் வராமல் ஒரே வாக்கியத்தில் சொல்லச் சொல்லுங்கள். முழுக் கதையையும் எழுதும் பழக்கம் அதிலேயே குறையும். அப்புறம், அந்த வாக்கியம் வேறு பத்துக் கதைகளுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். பொருந்தினால் இன்னும் கொஞ்சம் குறிப்பாகச் சொல்ல வேண்டும்.

ஆங்கிலத்திலும் திணறும் இரண்டாம் வகைப் பிள்ளை என்றால், கதையைப் பாதியில் நிறுத்தி ‘இனி இவன் என்ன செய்வான்?’ என்று கேளுங்கள். ஊகம் தப்பானாலும் பரவாயில்லை, காரணம் சொல்கிறானா என்று பாருங்கள். பிஎஸ்எல்இ வாய்மொழித் தேர்வில் காணொளி பார்த்துப் பேசும்போதும் இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இதற்கெல்லாம் இரவில் பத்து நிமிடம் போதும். வட்டார நூலகத்தின் தமிழ்ச் சிறுவர் பிரிவிலிருந்து, தொடக்கநிலை 3, 4க்கு எழுதியது போன்ற எளிய கதைகளையே எடுத்து வாருங்கள். சொல்லுக்குச் சொல் பொருள் தேடவேண்டிய கதையில் அருணைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமே கிடைக்காது.