அந்த ஆயா முகத்துக்கு அடுத்த ஷாட்

அன்புள்ள அண்ணா,

நான் தண்டையார்பேட்டை பையன். விஸ்காம் கடைசி வருஷம். ப்ராஜெக்ட்டுக்கு 9 நிமிஷத்துல ஒரு எக்ஸ்பெரிமெண்டல் படம் பண்றேன். காசிமேட்டுல மீன்பிடி தடைக்காலத்துல போன்லயே எடுத்தது, கதை கிடையாது. எடிட்டிங் யாரும் சொல்லித் தரல, இதை வெட்டி வெட்டித்தான் கத்துக்கிறேன். ரஃப் கட் லிங்க் வச்சிருக்கேன். எடிட் பண்ண டாவின்சி சாஃப்ட்வேர் நல்லதா பிரீமியரா? என் 8 ஜிபி லேப்டாப் ஸ்டக் ஆகுது. ஆளுங்க பேசுற இடத்துல போகப்போக சவுண்டு வாயை விட்டு விலகுது. சார் 'ரேண்டமா இருக்கு'ன்றார், ஃப்ரெண்ட்ஸ் 'போர்'ன்றாங்க. இன்னும் வேகமா வெட்டட்டுமா? வடபழனில ஒரு எடிட்டிங் கோர்ஸ் இருக்கு, ஃபீஸ் ஜாஸ்தி, சேரலாமா? என் பேர் போட வேணாம்.

*

தம்பி,

டாவின்சி ரிசால்வ் ஃப்ரீ, அதுலயே பண்ணு. போன் வீடியோ ஒவ்வொரு பிரேமையும் முழுசா வச்சிருக்காது, நடுநடுவுல ஒண்ணைத்தான் முழுசா வச்சிருக்கும், மத்ததுல முன்னாடி பிரேமுக்கும் இதுக்கும் என்ன மாறுச்சோ அதை மட்டும்தான் வச்சிருக்கும், பிளே பண்றப்ப எல்லாம் லேப்டாப் அதைத் திரும்பக் கட்டணும், அதான் முக்குது. ப்ராக்ஸி போட்டுக்கோ, அதாவது எடிட் பண்றதுக்கு மட்டும் லேசான ஒரு காப்பி. சவுண்டு விலகுறதுக்குக் காரணம், போன் செகண்டுக்கு 30 பிரேம்னு சொல்லிட்டு கூட்டிக் குறைச்சு எடுக்கிறது. ஹேண்ட்பிரேக்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர்ல கொடுத்து கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்டா, அதாவது செகண்டுக்கு ஒரே அளவு பிரேமா மாத்திட்டு டைம்லைன்ல போடு. இதுக்கு மேல சாஃப்ட்வேர் பத்தி என்கிட்ட கேக்காத.

உன் படத்தை உக்காந்து முழுசா பார்த்தேன். நல்ல கண்ணு உனக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். வலை பின்ற பெரியவர் கால் கட்டைவிரல்ல வலையை மாட்டி இழுத்துப் பிடிச்சுக்கிட்டு ஊசியை விடுறார் பாரு, அதை எந்த உயரத்துல இருந்து எடுக்கணுமோ அந்த உயரத்துல தரையில உக்காந்து எடுத்திருக்க. நின்னுக்கிட்டு எடுத்திருந்தா அவர் முகம் தெரியாம தலைதான் தெரிஞ்சிருக்கும். ஆனா ஊசி உள்ள போயி நூல் சுத்தி வந்து முடிச்சு இறுகப்போற நேரத்துல டக்குனு வெட்டிட்ட. ஏன்? வேகம் வேணும்னா? அவர் கை அந்த முடிச்சைப் போட என்ன நேரம் எடுக்குதோ அதான்டா அந்த ஷாட்டோட நீளம், நீ யாரு அதைக் குறைக்கிறதுக்கு.

சரி, அதைக்கூட விடு. நாலாவது நிமிஷத்துக்கு வா. படகு நிழல்ல ஒரு ஆயா உக்காந்திருக்காங்க, கருவாட்டுக் கூடை பக்கத்துல. கண்ணைச் சுருக்கிக்கிட்டு எங்கயோ பாக்குறாங்க. அழகான ஷாட். அதுக்கு அடுத்து மணல்ல கிடக்குற காலி குவார்ட்டர் பாட்டில், அரை செகண்ட். அடுத்து குப்புறப் படுத்துத் தூங்குற ஒரு ஆளு. திரும்ப ஆயா முகம்.

என்ன பண்ணியிருக்கன்னு தெரியுதா உனக்கு?

குலெஷோவ்னு ரஷ்யாக்காரர் ஒருத்தர், நூறு வருஷத்துக்கு முன்னாடி, உங்க சிலபஸ்லயே இருக்கும். மஸ்ஜூகின்னு ஒரு நடிகரோட ஒரே முகத்தை எடுத்து ஒரு வாட்டி சூப் கிண்ணம் பக்கத்துல, ஒரு வாட்டி சவப்பெட்டி பக்கத்துல, ஒரு வாட்டி ஒரு பொண்ணு பக்கத்துல வச்சு ஒட்டினார். பாக்குறவங்களுக்கு அந்த முகம் பசியா தெரிஞ்சுது, துக்கமா தெரிஞ்சுது, ஆசையா தெரிஞ்சுது. முகம் மாறவே இல்ல. இதை எக்ஸாம்ல அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டுப் போயிடறீங்க. அந்த நடிகருக்காவது சம்பளம் கொடுத்திருப்பாங்க. உன் ஆயா யாரோ ஒரு பையன் போனைத் தூக்கினு வந்தான்னு சும்மா உக்காந்திருந்தவங்க. அவங்களை நீ குடிகாரன் வீட்டுப் பொம்பளையா மாத்திட்ட, அதுக்கு உனக்கு 15 பிரேம்தான் செலவு.

கொஞ்ச நாளாவே இதைத்தான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், அதனாலதான் உன் லெட்டரைப் பார்த்ததும் எழுத உக்காந்தேன். நான் சின்னப் பையனா இருக்கப்ப எங்க தெருவுக்கு ஒரு டிவிக்காரங்க வந்தாங்க, தண்ணிப் பஞ்சம் நேரம். எங்க பெரியம்மா லாரிகிட்ட நின்னுக்கிட்டு எங்க அண்ணனைப் பார்த்து 'குடத்த நவுத்துடா, லாரி கெளம்புது'ன்னு கத்துறாங்க, அவ்ளோதான் நடந்தது. குடம் இடுப்புல, புடவை முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு, வாய்ல பாதி சிரிப்பு வேற. டிவில வந்தப்ப சத்தத்தை எடுத்துட்டு மேல யாரோ பேசுறாங்க, பெரியம்மா வாய் மட்டும் அசையுது, அடுத்த ஷாட்ல எங்க தெருவே இல்லாத ஏதோ தெருவுல ரெண்டு பொம்பளைங்க குடுமிப்பிடி சண்டை, அடுத்து போலீஸ் ஜீப்பு. சொந்தக்காரங்க எல்லாம் பார்த்தாங்க. அண்ணனுக்கு அப்ப பொண்ணு பார்த்துக்கிட்டு இருந்தோம், அந்த வீட்டுலயும் பார்த்தாங்க. அதுக்கப்புறம் எங்க பெரியம்மா கேமராவைப் பார்த்தா முந்தானையால மூஞ்சை மூடிக்குவாங்க, கல்யாண வீடியோக்குக்கூட.

அந்த வீடியோவுல பொய்னு ஒரு பிரேமைக் காட்ட முடியாது. பெரியம்மா கத்துனது நிஜம், அந்தச் சண்டை நிஜம், ஜீப்பு நிஜம். ஒட்டுன இடம்தான் பொய்.

வெளியில இருந்து வர்றவன் நம்ம ஏரியாவை இப்படித்தான் ஒட்டுறான். ராயபுரத்து மேல ஒரு ட்ரோன், கீழ ஒரு அருவா, ஒரு அடி தாளம், நடுவுல நம்ம வீட்டு முகம் ஒண்ணு. அவனுக்குத் தெரியாது, போறான். நீ தண்டையார்பேட்டையில இருந்துக்கிட்டு அந்தத் தாளத்தையே உன் கையால டைம்லைன்ல போட்டிருக்கியே, அதான் எனக்கு வயித்தெரிச்சல். நீ வேணும்னே பண்ணலன்னு தெரியும். 'ஒரு ஃபீல் வரட்டும்'னு போட்டிருப்ப. அந்த ஃபீல் எங்க இருந்து வந்துச்சுன்னு யோசிச்சியா, அவனுங்க படத்துல இருந்துதான் வந்துச்சு.

கதை இல்லாத படத்துல இந்தப் பொறுப்பு இன்னும் ஜாஸ்தி. கதை இருந்தா 'இது கேரக்டர்'னு சொல்லித் தப்பிச்சுக்கலாம், உன் படத்துல ரெண்டு ஷாட்டுக்கு நடுவுல இருக்குறது நீ மட்டும்தான். 1929ல வெர்த்தோவ்னு ஒரு சோவியத் டைரக்டர் கதை, நடிகர், நடுவுல டைட்டில் கார்டு எதுவும் இல்லாம 'மேன் வித் எ மூவி கேமரா'ன்னு ஒரு படம் பண்ணார், எடிட்டர் அவர் மனைவி ஸ்விலோவா. நடுவுல படம் அப்படியே நிக்கும், குழந்தைங்க முகம் எல்லாம் பிலிம் துண்டா மேசையில இருக்கும், ஸ்விலோவா ஒண்ணொண்ணா எடுத்துப் பாப்பாங்க, அப்புறம்தான் அந்த முகங்கள் அசையும். நான் யார் முகத்தை எங்க வைக்கிறேன்னு பாருன்னு படமே உனக்குக் காட்டுது. எக்ஸ்பெரிமெண்ட்னா எனக்கு அது. நீ போட்டிருக்க கிளிட்ச், ரிவர்ஸ், கலர் மாத்துறது எல்லாத்தையும் தூக்கு, ஒண்ணுகூட வேணாம்.

பாட்டிலையும் எடு. உன் படத்துலயே முதல் நிமிஷத்துல வரிசையா கட்டிக்கிடக்குற விசைப்படகு ஷாட் ஒண்ணு இருக்கு, அதை ஆயா முகத்துக்கு அடுத்து வச்சுப் பாரு. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் அந்தப் போட்டு நகராது, அப்ப அந்த முகம் வேற ஒண்ணைச் சொல்லும். ஆனா அதுவும் நீ சொல்ல வைக்கிறதுதான்டா. அவங்க நிஜமாவே எதைப் பார்த்துட்டு இருந்தாங்கன்னு உனக்குத் தெரியுமா? வெயில் கண்ணுல அடிச்சிருக்கலாம், பேரன் தண்ணிகிட்ட போறானான்னு பார்த்திருக்கலாம். காசிமேடு உன் வீட்டுல இருந்து நடக்குற தூரம், நாளைக்குக் காலையில போய்க் கேளு. சொன்னாங்கன்னா அதைப் போய் எடுத்துட்டு வா, அதான் அடுத்த ஷாட். சார்கிட்ட கொடுக்குறதுக்கு முன்னாடி அவங்களுக்கும் வலைக்காரப் பெரியவருக்கும் போன்ல போட்டுக் காட்டு. அவங்க முகம் இருக்கவே வேணாம்னு சொன்னா பேசாம எடுத்துடு, அழகான ஷாட்டுன்னு மல்லுக்கட்டாத.

சார் ரேண்டமா இருக்குன்னது சரி. ஃப்ரெண்ட்ஸ் சொன்னதை விடு.

கோர்ஸுக்கு இப்ப துட்டு கட்டாத. அந்தக் காசுல ஒரு ஹார்ட் டிஸ்க்கும் சுமாரான ஒரு மைக்கும் வாங்கு, உன் சவுண்டு ரொம்ப மோசம், தடைக்காலத்துல ஹார்பர் எப்படி இருக்கும்னு படத்துல கேக்கவே இல்ல, முழுக்க டவுன்லோடு பண்ண மியூசிக். ஆயாவைப் பாக்கப் போறப்ப அங்க யாரும் பேசாத நேரமா ஒரு அஞ்சு நிமிஷம் சவுண்டு மட்டும் எடுத்துக்கோ. புது கட் ரெடியானதும் லிங்க் அனுப்பு.