கல்லூரிக்குள் பழைய பொருள் கடை: வாங்கும்போதே கறாராக இருங்கள்

கேள்வி: காரைக்குடியில் கலைக் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். நாங்கள் ஆறு பேர் சேர்ந்து வளாகத்துக்குள்ளேயே பழைய துணி, புத்தகம் விற்கும் த்ரிஃப்ட் ஸ்டோர் தொடங்கலாம் என்றிருக்கிறோம். எங்கிருந்து ஆரம்பிப்பது? விலை எப்படி வைப்பது? விற்காததை என்ன செய்வது?

பதில்: முதல்வரின் எழுத்துபூர்வ அனுமதி, பொறுப்பாசிரியர் ஒருவர், பூட்டுப் போட ஓர் அறை. இவை மூன்றும் கைக்கு வரும்வரை ஒரு சட்டைகூட வாங்கி வைக்காதீர்கள். பணத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும். க்யூஆர் கோடு எந்த மாணவரின் சொந்தக் கணக்கிலும் இருக்கக் கூடாது. அவர் படிப்பை முடித்துக் கிளம்பும்போது கணக்கு வழக்கில் சண்டை வரும்.

இப்படிப்பட்ட கடைக்குப் பெரிய எதிரி, விற்காமல் அறையை அடைத்துக்கொள்ளும் துணிதான். இலவசமாக வருகிறதே என்று எல்லாவற்றையும் வாங்கிப் போட்டால், நல்ல சட்டை குப்பைக்குள் புதைந்துவிடும். அதனால் ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். காலரின் உள்பக்கம், அக்குள், பேன்ட்டின் தொடைத் தையல், ஜிப். அக்குளில் பழுப்பேறிய கறை எளிதில் போகாது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எலாஸ்டிக்கை இழுத்து விட்டால் சுருங்க வேண்டும். உள்ளாடை, சாக்ஸ், தலையணை வேண்டவே வேண்டாம்.

பழைய பட்டுச் சேலையை மடிப்பு விழுந்த இடத்தில் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். அங்கே ஊசித் துளைகள் போலத் தெரிந்தால் இழை அறுந்திருக்கிறது, ஒரு முறை கட்டினாலே கிழியும். கண்டாங்கிச் சேலை வந்தால் ஓரத்தை நனைத்த வெள்ளைத் துணியால் அழுத்தித் தேயுங்கள். சாயம் ஒட்டினால் தனியாகத்தான் அலச வேண்டும் என்று சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

செட்டிநாட்டுக்கே உரிய ஒரு எச்சரிக்கை. பூர்வீக வீட்டிலிருந்து எனாமல் தூக்கு, பித்தளைச் சாமான், மரப்பெட்டி எல்லாம் வரும். அந்த வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொது. பெரியவர்களுக்குத் தெரியாமல் பிள்ளை எடுத்து வந்த சாமான் கடையையே மூட வைக்கும். போதாதற்கு, 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்த தொல்பொருளை விற்கும் தொழிலுக்கு உரிமம் தேவை. ஓலைச்சுவடி போன்றவற்றுக்கு 75 ஆண்டு. வீட்டாரே விற்க விரும்பினால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் விசாரிக்கட்டும். உங்களுக்கு அந்த வியாபாரம் வேண்டாம்.

விரைவாக நகர்வது துணியைவிடப் படிப்புச் சாமான்தான்: லேப் கோட், கால்குலேட்டர், பாடநூல், விடுதி வாளி. கோட்டில் அமிலத் துளை இருக்கிறதா, கால்குலேட்டரில் எல்லாப் பொத்தானும் அழுந்துகிறதா என்று பாருங்கள். புத்தகம் எந்த ஆண்டுப் பாடத்திட்டத்துக்கு உரியது என்று பார்க்காமல் வாங்காதீர்கள். பாடத்திட்டம் மாறிவிட்டால் அது பழைய பேப்பர்தான்.

விலையைத் துண்டு துண்டாக யோசிக்க வேண்டாம். 30, 60, 100, 150 ரூபாய் என நான்கே படிகள் போதும். புதிய விலையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் துணி தேங்கும். நல்ல நிலையிலுள்ள பாடநூலுக்குப் பாதி விலை கிடைக்கும். விற்ற பிறகு பணம் தருகிறோம் என்ற ஏற்பாட்டை முதல் வருடம் தொடாதீர்கள், கணக்கு எழுதியே ஓய்ந்துபோவீர்கள். பதிலாக, ஏற்றுக்கொண்ட பொருளுக்கு 20 ரூபாய் டோக்கன் கொடுங்கள். அது உங்கள் கடையில் மட்டுமே செல்லும்.

துணியைக் குவிக்காமல் தொங்கவிடுங்கள். ஐந்தடிக் குழாயில் நாற்பது உருப்படி தாராளமாக நிற்கும். அதற்கு மேல் போனால் விலக்கிப் பார்க்க முடியாது. நடுவில் ஒரு தாங்கல் இல்லாவிட்டால் குழாய் தொய்யும். 150 உருப்படியாவது சேர்ந்த பிறகே கதவைத் திறங்கள். தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கத்துப் பிள்ளைகள் மாலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். மதிய இடைவேளைதான் உங்கள் நேரம். வாரத்தில் இரண்டு நாள் போதும்.

விடுதி காலியாகும் ஏப்ரல், மே மாதங்களில் சேகரியுங்கள், புதிய மாணவர் வரும் ஜூன், ஜூலையில் விற்பனை சூடு பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அட்டைப் பெட்டியைத் தரையில் வைத்தால் பூஞ்சையும் கரையானும் வரும். மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவை பலகை மேல் வையுங்கள். ஜரிகையில் அந்துருண்டை படக் கூடாது.

விற்காததற்கு நூல் நிறம்தான் வழி. மாதத்துக்கு ஒரு நிற நூலில் விலைச் சீட்டைக் கட்டுங்கள். அந்த நிறம் ஒரு மாதம் கடந்தால் பாதி விலை, இரண்டு மாதம் கடந்தால் வெளியே. பருத்தித் துணியின் பொத்தானையும் ஜிப்பையும் வெட்டி எடுத்துவிட்டு, கை துடைக்கும் துணியாக மெக்கானிக் ஷெட்டுகளுக்குக் கொடுத்துவிடலாம். பாலியஸ்டர் பருத்தியைப் போலத் துடைக்க உதவாது என்பதால் அவர்கள் வாங்க மாட்டார்கள். ஆகவே கிழிந்த பாலியஸ்டரை ஆரம்பத்திலேயே மறுத்துவிடுங்கள்.